ஆறில்லாத நாட்டில் ஒரு வார நீச்சல்

மெக்சிகோவின் யுகட்டான் தீபகற்பத்தில், குறிப்பாக அதன் வடபகுதியில், தரைமேல் ஓடும் ஆறு என்று சொல்ல அநேகமாக ஒன்றுமில்லை. பெய்கிற மழை சுண்ணாம்புப் பாறை வழியே நிலத்தடிக்கு இறங்கிவிடுகிறது. பாறைக் கூரை இடிந்து விழுந்த இடங்களில் அந்த நீர் கண்ணுக்குத் தெரிகிறது. செனோட்டே எனப்படும் இந்த இயற்கைக் கிணறுகளை நம்பி மாயா மக்கள் அங்கே பல பெருநகரங்களை எழுப்பினார்கள்.

மாயா நகரங்களையும் செனோட்டேக்களையும் சுற்றிப் பார்க்க வழிகாட்டியோடு ஒரு வாரம் போதும். மெரிடாவில் தொடங்கி ஊஷ்மல், சிச்சென் இட்சா, கோபா, கடலோரத் துலும் வரை போய்வரலாம். வெயில் ஏறுமுன் இடிபாடுகள், பிற்பகலில் நீச்சல்.

சிச்சென் இட்சாவுக்குச் சற்றுக் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள். அங்குள்ள பிரமிடின் நான்கு பக்கமும் பக்கத்துக்கு 91 படிகள். உச்சி மேடையையும் சேர்த்தால் 365, ஆண்டின் நாட்கணக்கு! மார்ச், செப்டம்பர் மாதங்களில் பகலும் இரவும் சமமாகும் நாட்களில், மாலை வெயில் வடக்குப் படிக்கட்டின் ஓரத்தில் பாம்பு நெளிந்து இறங்குவது போல விழுகிறது. அடியில் கல்லில் செதுக்கிய பாம்புத் தலை. நேரில் பார்க்க வேண்டிய அற்புதம் அது. பிரமிடின்மேல் ஏற இப்போது அனுமதி இல்லை.

அங்குள்ள புனிதக் கிணற்றிலிருந்து தங்கம், பச்சைக்கல் காணிக்கைகளோடு மனித எலும்புகளும் எடுக்கப்பட்டிருக்கின்றன. அதில் யாரும் நீந்துவதில்லை. நீந்த அருகிலேயே வேறு செனோட்டேக்கள் உண்டு. இறங்குமுன் உடலில் பூசிய வெயில் கிரீமை நன்றாகக் கழுவிவிடுங்கள்; அந்த வட்டாரத்தின் குடிநீருக்கும் ஆதாரம் அதே நிலத்தடி நீர்தான்.