பி.காம். படித்த எஞ்சின்!

மேட்டுப்பாளையத்தில் ஊட்டி ரயில் ஏறியாச்சு. கல்லாறு தாண்டியதும் ஆமை வேகம். ‘‘நீராவி எஞ்சினுக்கு இவ்வளவுதான் தெம்பா?’’ என்றேன் மனைவியிடம்.

எதிர் சீட்டில் ஒரு ரிடையர்டு ரயில்வேக்காரர். ‘‘தம்பி என்ன படிச்சிருக்கீங்க?’’

‘‘பி.காம்., சார்.’’

‘‘அப்ப கணக்காவே சொல்றேன். எஞ்சினோட பவர்தான் சம்பளம். இழுவை, வேகம்னு ரெண்டே செலவு. ஒண்ணு கூடினா இன்னொண்ணைக் குறைச்சுத்தான் ஆகணும்!’’

சமதளத்தில் ஒரு டன்னை நகர்த்த நாலைந்து கிலோ இழுவை போதுமாம். இங்கே 12.5 அடிக்கு 1 அடி ஏற்றம். ஏற்றத்துக்கு மட்டுமே டன்னுக்கு 80 கிலோ! அதனால்தான் மணிக்குச் சுமார் 13 கிலோமீட்டர்.

வெறும் சக்கரம் வழுக்கும் என்பதால் தண்டவாளங்களுக்கு நடுவே பல் பட்டை. எஞ்சினில் இரண்டு ஜோடி சிலிண்டர். சமதளத்தில் ஒரு ஜோடி போதும். ஏற்றத்தில், அது வெளியே விடும் நீராவியே அடுத்த ஜோடிக்குப் போய்ப் பல்சக்கரத்தைச் சுற்றுகிறது. நேற்றைய குழம்பைச் சுண்டவைத்து இன்றைக்கும் சாப்பிடுகிற மாதிரி! பெட்டி கழன்று பின்னால் உருண்டுவிடாதபடி, எஞ்சின் கீழ்ப்பக்கம் நின்று தள்ளுகிறது.

எனக்குச் சுருக்கென்றது. வீட்டு லோன் என்கிற ஏற்றத்தில் இருந்துகொண்டே, போன வாரம்தான் காருக்கு அட்வான்ஸ் கொடுத்திருந்தேன்.

குன்னூரில் இறங்கியதும் முதல் வேலையாக போன் போட்டு கேன்சல் செய்தேன்.

‘‘இதைத்தானே ஆறு மாசமா நான் சொல்றேன்?’’ என்றாள் மனைவி. ‘‘புகை விட்டுச் சொன்னாத்தான் ஏறுமோ?’’