ஒரு சுற்று ஓட்டமும் ஒரு மரபணுச் சோதனையும்

2025 செப்டம்பர் 18 அன்று டோக்கியோ உலகத் தடகளப் போட்டியில் மகளிர் 400 மீட்டர் இறுதி ஓட்டம் நடைபெற்றது. அமெரிக்காவின் சிட்னி மெக்லாஃப்லின் 47.78 வினாடிகளில் வென்றார். ஆனால் அந்தக் களத்தில் இறங்கும் முன்பே பெண்கள் கடக்க வேண்டிய வேறொரு கோடு இருந்தது. செப்டம்பர் 1 முதல், உலகப் போட்டியில் பெண்கள் பிரிவில் ஓட 'எஸ்ஆர்ஒய்' மரபணுச் சோதனை கட்டாயமாகியது. கன்னத்தின் உட்புறத்திலிருந்தோ இரத்தத்திலிருந்தோ மாதிரி எடுத்து, வாழ்நாளில் ஒருமுறை செய்யப்படும் சோதனை இது.

இந்த விதிகளின் வரலாற்றில் 400 மீட்டருக்குத் தனி இடம் உண்டு. ஒடிசாவின் தூத்தி சந்த் தொடுத்த வழக்கில், 2015இல் விளையாட்டு நடுவர் மன்றம் பழைய விதியை நிறுத்திவைத்தது. 2018இல் வந்த புதிய விதி, 400 மீட்டர் முதல் ஒரு மைல் வரையிலான ஓட்டங்களை மட்டும் குறிவைத்தது. 100, 200 மீட்டர் ஓடும் தூத்தி தப்பினார். 2021இல் நமீபியாவின் கிறிஸ்டின் எம்போமா 400 மீட்டரில் தடுக்கப்பட்டார். டோக்கியோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரில் ஓடி வெள்ளி வென்றார். 2023இல் கட்டுப்பாடு எல்லாப் போட்டிகளுக்கும் விரிந்தது.

இதன் சுமை யார் தோளில் விழும் என்பதைத் தமிழ்நாடு ஏற்கெனவே கண்டிருக்கிறது. புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியின் சாந்தி சௌந்தரராஜன், செங்கல் சூளைத் தொழிலாளர்களின் மகள், தலித் பெண். 2006 தோகா ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். சோதனைக்குப்பின் பதக்கம் பறிக்கப்பட்டது. அவருடைய உடல் ஊடகச் செய்தியாயிற்று. பின்னாளில் அவரும் செங்கல் சூளையில் கூலி வேலை செய்ய நேர்ந்தது. நிரந்தரப் பயிற்சியாளர் பணி கிடைக்கப் பத்தாண்டுகள் ஆயின.

ராசிங்காபுரத்திலிருந்து ஜீப் ஏறி ஏலத்தோட்டத்துக்குச் செல்லும் ஒரு தாயின் மகள், நாளை ஒரு சுற்று ஓட்டத்தில் நாட்டுக்காகத் தேர்வாகலாம். சோதனைத் தாளை அவளிடம் நீட்டும்போது அருகில் யார் இருப்பார்கள்? மரபணு இருந்தாலும், ஆண் சுரப்பு உடலில் சிறிதும் செயல்படாதவர்களுக்கு விதியிலேயே விலக்கு உண்டு. அதை எடுத்துச் சொல்ல மருத்துவரும் வழக்கறிஞரும் வேண்டும். வசதி படைத்தவர் அவர்களை அமர்த்திக்கொள்வார். கூலியின் மகள் ஊர் திரும்புவாள்.

நியாயமான போட்டி வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. நாம் கேட்பது நடைமுறை நியாயத்தை. 2017 புட்டசாமி தீர்ப்பு அந்தரங்க உரிமையை அரசமைப்பின் 21ஆம் பிரிவில் நிலைநிறுத்தியது. காஸ்டர் செமன்யா வழக்கில் 2025 ஜூலை 10 அன்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், அவருக்கு நியாயமான விசாரணை மறுக்கப்பட்டதாகக் கூறியது.

எனவே தாய்மொழியில் முன்விளக்கம், எழுத்துவழி ஒப்புதல், முடிவின் இரகசியம், மேல்முறையீட்டுக்கு உதவி ஆகிய நான்கையும் இந்தியத் தடகளச் சம்மேளனம் உறுதிசெய்ய வேண்டும். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், 12ஆம் பிரிவின்படி, பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் வருமானம் பாராமல் இலவசச் சட்ட உதவி உண்டு. ஓடும் மகளைப் பெற்ற ஒவ்வொரு குடும்பமும் இதை அறிந்திருக்க வேண்டும். தாளில் கையெழுத்திடும் முன்பே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை நாடலாம். சாந்திக்கு அன்று கிடைக்காத துணை, அடுத்த பெண்ணுக்கேனும் கிடைக்கட்டும்.