எலியின் மூட்டில் ஒரு மில்லிமீட்டர்

கொல்லிமலைக்குப் போய்வருகிறவர்கள் பலரின் கையில் முடவாட்டுக்கால் கிழங்கு இருக்கும். பாறையிலும் மரத்திலும் தொற்றி வளரும் பெரணியின் கிழங்கு அது. பழுப்பு ரோமத்தோடு ஆட்டுக்கால் போலவே இருக்கும். மூட்டு வலிக்கு சூப் வைத்துக் குடிப்பார்கள். இப்படியொரு மூலிகை வீக்கத்தை உண்மையிலேயே குறைக்கிறதா என்று ஆய்வுக்கூடத்தில் பார்க்க, பெரும்பாலும் எலிக்குக் கொடுத்துத்தான் தொடங்குகிறார்கள்.

எலியை அறுக்காமல் உள்ளே பார்க்க உதவுவது சிறு விலங்குகளுக்கான பெட்-சிடி ஸ்கேனர். நவி மும்பை கார்கரில் டாடா நினைவு மையத்தின் ஆக்ட்ரெக் நிறுவனத்தில் இத்தகைய வசதி உண்டு. சிடி எலும்பைக் காட்டும். ஊசி வழியே செலுத்திய கதிரியக்கச் சர்க்கரை எங்கே அதிகம் சேர்கிறது என்பதை பெட் காட்டும். அழற்சி உள்ள இடத்தில் அது கூடுதலாகச் சேரும். இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்தால்தான் எந்த மூட்டில் அழற்சி என்று சொல்ல முடியும்.

சிக்கல் அங்கேதான். பல கருவிகளில் சிடி வளையமும் பெட் வளையமும் முன்னும் பின்னுமாக இருக்கின்றன. எலி படுத்திருக்கும் பலகை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நகர்கிறது. இரண்டின் மையமும் தாமாக ஒத்துப்போவதில்லை. மனித உடலில் ஒரு மில்லிமீட்டர் பிசகு பெரிதல்ல. எலியின் பாதத்திலோ அதே பிசகு அழற்சியைப் பக்கத்து எலும்பில் கொண்டுபோய் வைத்துவிடும். கோணம் 1 டிகிரி தவறினாலே, சுழற்சி மையத்திலிருந்து 50 மில்லிமீட்டர் தள்ளி ஏறக்குறைய 0.9 மில்லிமீட்டர் விலகல் வந்துவிடுகிறது.

இதைச் சரிசெய்ய, சோடியம்-22 புள்ளி மூலங்களைப் பயன்படுத்தலாம். சுமார் 1 சென்டிமீட்டர் அக்ரிலிக் கட்டியின் நடுவில் கண்ணுக்கே சரியாகத் தெரியாத ஒரு துளி. பெட்டுக்குத் துளி தெரியும், சிடிக்குக் கட்டியின் விளிம்புகள் தெரியும். சோடியம்-22இன் அரை ஆயுள் 2.6 ஆண்டு என்பதால் அடிக்கடி மாற்றவும் வேண்டாம். குறைந்தது மூன்று புள்ளிகள் வேண்டும். அவை ஒரே கோட்டில் இருக்கக் கூடாது. கோட்டில் இருந்தால் அதைச் சுற்றி ஏற்பட்ட திருகல் கணக்கில் தெரியவே தெரியாது. புள்ளிகளை நன்றாகப் பரப்பி வைத்து, மூன்று நகர்வு, மூன்று சுழற்சி என ஆறு எண்களைக் கணிப்பொறி கண்டுபிடிக்கிறது. பிறகு எடுக்கும் ஒவ்வொரு படத்திலும் அந்தத் திருத்தம் சேர்க்கப்படுகிறது.

கணக்கில் சேர்த்த புள்ளிகள் அழகாகப் பொருந்துவதைப் பார்த்துத் திருப்தி அடையக் கூடாது. பொருத்துவதற்கென்றே அந்த ஆறு எண்களைத் தேடினோம். கணக்கில் சேர்க்காத இன்னொரு புள்ளியை, எலியின் பாதம் வரும் இடத்தில் வைத்து, விலகலை அளக்க வேண்டும். அந்த அளவுதான் நம்பத்தக்கது. 25 கிராம் சுண்டெலியும் 300 கிராம் எலியும் படுக்கும்போது பலகை ஒரே மாதிரி வளையாது என்பதால், எடை வைத்தும் பார்க்க வேண்டும். பழுதுபார்த்த பிறகும் பலகையை மாற்றிய பிறகும் இந்தச் சோதனையை மறுபடி செய்ய வேண்டும். மயக்கம் தெளிந்து எலி அசைந்துவிட்டால் இந்தத் திருத்தம் எதுவும் உதவாது. அந்தப் படத்தைத் திரும்ப எடுப்பதுதான் வழி.