எந்த சாஃப்ட்வேர் வாங்கலாம், மச்சான்?

போன ஞாயிற்றுக்கிழமை என் அத்தை மகன் ஸ்வீட் பாக்ஸோடு வந்தான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கிறவன். அவன் கையில் ஸ்வீட் பாக்ஸைப் பார்த்தாலே எனக்கு அடிவயிறு கலக்கும்.

"மச்சான், நைட் ஷிஃப்ட் உடம்புக்கு ஒத்துக்கல. திருவள்ளூர்ல டி.டி.பி. சென்டர் போடப் போறேன். ஒன்றரை லட்சம் கையில இருக்கு. எந்த சாஃப்ட்வேர் வாங்கலாம்? நீ பி.காம். ஆச்சே!"

பி.காமுக்கும் சாஃப்ட்வேருக்கும் என்ன சம்பந்தம்? ஆனால் ஒன்றரை லட்சம் என்பது அவனுடைய மூன்று வருஷ ஓவர்டைம். தமாஷை ஓரம்கட்டினேன்.

"டெஸ்க்டாப் பப்ளிஷிங்" என்ற பெயரைப் பரப்பியவர் பால் பிரெய்னர்ட். அவருடைய ஆல்டஸ் கம்பெனி 1985-ல் பேஜ்மேக்கரைக் கொண்டுவந்தது. 1994-ல் ஆல்டஸை அடோபி வாங்கியது. 1999-ல் இன்டிசைன் பிறந்தது. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 7.0, 2001-ல் வந்தது. அதற்குப் பிறகும் நம்மூர் பிரஸ்களில் அது பல வருஷம் ரிடையர் ஆகாமல் உழைத்தது. காரணம், பழைய தமிழ் ஃபான்ட்.

அந்த ஃபான்ட்களில் ஒரு தில்லுமுல்லு உண்டு. ஆங்கில எழுத்துக்குரிய இடத்தில் தமிழ் எழுத்தின் உருவத்தை உட்கார வைத்திருப்பார்கள். ஃபைலுக்குள் இருப்பது ஆங்கிலம், வேஷம் மட்டும் தமிழ். அந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் வேஷம் கலைந்துவிடும். யூனிகோடில் தமிழ் எழுத்துக்கே சொந்த எண் இருக்கிறது. தமிழக அரசும் 2010-ல் அதை ஏற்றுக்கொண்டது. ஆனால் பேஜ்மேக்கருக்கு யூனிகோடு தெரியாது.

எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்கிறீர்களா? பட்டவன் சார்!

என் அக்கா மகள் காதணி விழாவுக்கு நான்தான் பத்திரிகை அடிக்கக் கொடுத்தேன். பிரஸ்ஸில் எங்கள் ஃபான்ட் இல்லை. "கர்வ் பண்ணி அனுப்புங்க" என்றார்கள். அதாவது எழுத்தையெல்லாம் படமாக மாற்றுவது. மாற்றி அனுப்பினேன். முந்நூறு பத்திரிகை வந்தது. அட்டையில் கொட்டை எழுத்தில், 'காலணி விழா'! கர்வ் பண்ணின ஃபைலில் பிழை திருத்த முடியாது, பழைய ஃபைலையோ நான் வைத்திருக்கவில்லை. மொத்தமும் மறுபடி டைப் செய்து, மறுபடி அடித்து, மறுபடி பணம். மாமா இன்றுவரை என்னைப் பார்த்தால் செருப்பைக் குனிந்து பார்த்துச் சிரிக்கிறார்.

அதனால் அவனிடம் சொன்னேன்: "கடைக்குப் போறதுக்கு முன்னாடி, உன் ஃபைலைக் கடைசியா யார் திறக்கப் போறாங்கன்னு பாரு. ரெண்டு பிரஸ், ஒரு ஃப்ளெக்ஸ் கடை. அவங்க எதுல வாங்கிக்குவாங்கன்னு கேளு. அதுதான் உன் சாஃப்ட்வேர்."

பிறகு வேலையைப் பிரித்துக் காட்டினேன். விசிட்டிங் கார்டு, லோகோ, ஃப்ளெக்ஸ் என்றால் கோரல்டிரா. எவ்வளவு பெரிதாக்கினாலும் ஓரம் பிசிறாது. போட்டோவைச் சரிசெய்ய போட்டோஷாப். பக்கம் பக்கமாகப் புத்தகம், ஆண்டு மலர் என்றால் இன்டிசைன். அதில் வேர்ல்டு-ரெடி கம்போஸர் என்பதைத் தேர்வு செய்ய வேண்டும். இல்லாவிட்டால் 'கொ'வின் கொம்பு தன் இடத்தை விட்டு ஓடிவிடும்.

"விலை?"

"அடோபி 2013-லேயே வாடகை முறைக்கு மாறிடுச்சு. மாசம் கட்டலைன்னா கதவு சாத்திடும்."

அவன் குரலைத் தாழ்த்தினான். "பென் டிரைவ்ல ஒருத்தன் சும்மாவே தரான் மச்சான்..."

இங்கேதான் என் பி.காம். விழித்துக்கொண்டது. திருட்டு காப்பி என்று தெரிந்தே பயன்படுத்தினால், காப்புரிமைச் சட்டம் 63பி பிரிவின்படி ஏழு நாள் முதல் மூன்று வருஷம் வரை சிறை, ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் வரை அபராதம். ஒன்றரை லட்சம் முதலுக்கு இரண்டு லட்சம் அபராதம் எந்தக் கணக்கில் வரும்? போதாததற்கு, பென் டிரைவோடு வைரஸும் இலவசம்.

நியாயமான இலவசமும் இருக்கிறது. படம் வரைய இங்க்ஸ்கேப். போட்டோவுக்கு கிம்ப். பக்கம் அமைக்க ஸ்கிரைபஸ். 2024 ஜனவரியில் வந்த அதன் 1.6 பதிப்பில் இந்திய எழுத்துகளைச் சேர்த்துக் கோக்கும் ஏற்பாடு உண்டு, நாலு கலர் பி.டி.எஃப்.பும் எடுக்கலாம்.

"ஆடி மாச பெரியபாளையத்தம்மன் நோட்டீஸ் ஒண்ணு பண்ணிப் பாரு. ஸ்ரீ, க்ஷ, கொ, கோ, கௌ எல்லாம் இருக்கட்டும். பி.டி.எஃப். எடுத்து பிரஸ்ல ஒரு காப்பி அடி. சரியா வந்தா அதுவே போதும். கஸ்டமர் பெரிய வேலை கொண்டுவந்தா, அந்த மாசம் மட்டும் வாடகை கட்டு. மிச்சப் பணத்துல நல்ல மானிட்டர், யு.பி.எஸ். வாங்கு. வேலையை விடுறதை ஆறு மாசம் தள்ளிப் போடு. ஞாயிற்றுக்கிழமையில ஆர்டர் பிடி."

கடைசி வாக்கியம் மட்டும் அவனுக்குப் பிடிக்கவில்லை. கொஞ்ச நேரம் ஃபேனைப் பார்த்தான். "சரி மச்சான். அப்ப இன்னிக்கு முதல்ல என்ன வாங்கட்டும்?"

"சிவப்புப் பேனா. பத்து ரூபாய்தான். ப்ரூஃப் பார்க்காம எதையும் கர்வ் பண்ணாதே!"