தாழ்வாரத்தில் இல்லாத நீர்த்தெளிப்பான்

சில ஆண்டுகளுக்கு முன்னர், அமெரிக்க நாட்டின் டெக்ஸாஸ் மாநிலத்தில் என் மகள் குடியிருந்த அடுக்கு வீட்டில் மூன்று திங்கள் தங்கியிருந்தேன். மூன்று மாடிக் கட்டடம். அதன் எலும்புக்கூடு முழுவதும் மரம். ஒவ்வொரு வீட்டு வாயிலும் திறந்த தாழ்வாரம் ஒன்றை நோக்கியிருக்கும். அதன் கோடியில் மாடிப்படி. பள்ளிக்கூடத்தைச் சுற்றிச் சுற்றி வந்து பழகிய கண் சும்மா இராது அன்றோ? வீட்டுக்குள்ளே கூடத்திலும் படுக்கையறையிலும் மேல்தளத்தில் நீர்த்தெளிப்பான் இருந்தது. வாயிலைக் கடந்து தாழ்வாரத்துக்கு வந்தால் ஒன்றுமில்லை. பின்புறத்துச் சிறு பால்கனியிலோ, சுவரிலிருந்து மீண்டும் ஒன்று எட்டிப் பார்த்தது! தாழ்வாரமும் வெளி, பால்கனியும் வெளி. ஒன்றுக்கு உண்டு, மற்றொன்றுக்கு இல்லை. இது என்ன கணக்கு?

இக்கணக்கு விளங்க வேண்டுமானால், முதலில் அக்கருவி வேலை செய்யும் விதத்தை அறிதல் வேண்டும். தானே இயங்கும் நீர்த்தெளிப்பானுக்கு 1874-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றவர் ஹென்றி பார்மலி என்பவர். நியூ ஹேவன் நகரில் பியானோ செய்யும் தொழிற்சாலை வைத்திருந்த அவர், அதைக் காக்கவே இதனை அமைத்தார். இன்று வீடுகளில் காணும் கருவியில், நீர்க்குழாயின் வாயை ஒரு மூடி அடைத்திருக்கும். அம்மூடியைத் தாங்கி நிற்பது விரல் நுனி அளவுள்ள ஒரு கண்ணாடிக் குமிழ். குமிழுக்குள் இருக்கும் திரவம் வெப்பத்தால் விரியும்; விரிய இடமில்லாதபோது குமிழ் உடையும்; மூடி தெறிக்கும்; நீர் பாயும். சிவப்பு நிறக் குமிழ் 68 பாகை செல்சியஸில் உடைவது. திரைப்படங்களில், ஒருவன் தீக்குச்சியைக் காட்டியவுடன் கட்டடம் முழுவதும் மழை பெய்வதைப் பார்த்திருப்பீர்கள். அது வெறுங் கற்பனை. எந்தக் குமிழ் சூடேறுகிறதோ அது மட்டுமே உடையும். புகை அதை உடைக்காது, வெப்பமே உடைக்கும்.

ஆகவே கருவி இயங்க வேண்டுமாயின், வெப்பம் அதனருகே வந்து தேங்க வேண்டும். இதனை விளக்க, வகுப்பில் நான் ஒரு சிறு சோதனை செய்வதுண்டு. அட்டைப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்து, அதற்குள் ஊதுவத்தியின் புகையைச் செலுத்துவேன். புகை மேலே தட்டி, பக்கங்களில் பரவி, மெல்லக் கீழிறங்கும். பிறகு பெட்டியின் நீண்ட பக்கம் ஒன்றை வெட்டிவிட்டு மீண்டும் செலுத்துவேன். இப்போது புகை தேங்காது, வெட்டிய பக்கமாக வெளியே ஓடிவிடும். மூடிய நடைக்கும் திறந்த தாழ்வாரத்துக்கும் உள்ள வேறுபாடு இதுதான். திறந்த தாழ்வாரத்தில் ஓடுகிறவன் புகையால் மூச்சுத் திணறுவது குறைவு. அதே காரணத்தால், அங்கே குமிழ் உடைவதற்கும் நேரம் கூடும்.

அமெரிக்கத் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் 1896-இல் தோன்றியது. அதன் 13-ஆம் எண் நெறிமுறை எல்லாவகைக் கட்டடங்களுக்கும் உரியது. '13 ஆர்' என்பது நான்கு மாடிக்கு உட்பட்ட குடியிருப்புகளுக்கு வகுக்கப்பட்ட எளிய நெறிமுறை. முன்னதன்படி, வெளி நடைவழியின் புறச்சுவர் பாதியேனும் திறந்திருந்து, நடைவழி முழுவதும் எரியாத பொருளால் ஆனதாயின், நீர்த்தெளிப்பான் வேண்டியதில்லை. பின்னதோ மரத் தாழ்வாரத்துக்கும் விலக்கு அளிக்கிறது. திறந்ததாய், கட்டடத்தோடு ஒட்டியதாய் இருந்தால் போதும். ஒரே தாழ்வாரத்துக்கு இரு விடைகள்! முரண்பாடு போலத் தோன்றும். '13 ஆர்' நெறியின் முதல் நோக்கம் மனிதர் உயிரோடு வெளியேறுவது. கட்டடத்தைக் காப்பது அன்று. இதை மனத்திற்கொண்டால் விலக்கின் காரணம் புலப்படும்.

அப்படியாயின் பால்கனிக்கு மட்டும் ஏன்? தாழ்வாரத்தில் மனிதர் நடக்கிறார்கள், பால்கனியில் வாழ்கிறார்கள். கரியடுப்பில் இறைச்சி வாட்டுகிறார்கள். சிகரெட்டைப் பூந்தொட்டியில் குத்தி அணைக்கிறார்கள். கடைகளில் விற்கும் தொட்டிக் கலவையில் மண்ணை விட மட்கிய தாவரப் பொருளும் மரப்பட்டைத் தூளுமே மிகுதி. அது மணிக்கணக்கில் கனன்று, நள்ளிரவில் தீப்பற்றுவதுண்டு. அத்தீயை உள்ளே இருக்கும் குமிழ் அறியாது. சுவரின் வெளிப்புறமாகவே தீ ஏறி, இறவாணத்தின் காற்றுத் துளைகள் வழியே கூரைக்கடியில் உள்ள வெற்றிடத்தில் புகுந்துவிடும். அந்த வெற்றிடத்தில் '13 ஆர்' பொதுவாக நீர்த்தெளிப்பான் கேட்பதில்லை. ஒரு முனையில் பற்றிய தீ, கூரை முழுவதையும் மேலிருந்து தின்றுவிடும். தலைக்கு மேல் இருப்பது எரியும் பொருளானால் என்ன நேரும் என்பதைத் தமிழ்நாட்டு ஆசிரியர் எவருக்கும் சொல்ல வேண்டியதில்லை. 2004 ஜூலையில் கும்பகோணத்துப் பள்ளியில் கீற்றுக் கூரை பற்றி 94 குழந்தைகள் மாண்டனர்.

இந்த ஓட்டையை அடைக்கவே, சர்வதேசக் கட்டட விதித்தொகுப்பு தனியாக ஒரு விதி செய்தது. மரச்சட்டக் கட்டடத்தில், வீட்டுக்குரிய பால்கனிக்கோ தரைத்தள முற்றத்துக்கோ மேலே கூரையோ தளமோ இருக்குமாயின், நீர்த்தெளிப்பான் அவசியம். இதனோடு இணைந்த தீ விதி, எரியக்கூடிய கட்டுமானத்திலிருந்து 10 அடிக்குள் கரியடுப்பு மூட்டலாகாது என்கிறது. தனி வீடுகளுக்கும், நீர்த்தெளிப்பான் காப்புள்ள பால்கனிகளுக்கும் இதில் விலக்கு உண்டு.

குளிர் நாட்டில் வேறொரு தொல்லை. நீர் உறையும்போது ஏறக்குறைய ஒன்பது விழுக்காடு பருக்கும். இரும்புக் குழாயும் வெடித்துவிடும். ஆதலால் நீரை வீட்டின் வெதுவெதுப்பான பகுதியிலேயே நிறுத்தி, வெறுங் குழல் ஒன்றைச் சுவரைத் துளைத்து நீட்டி, அதன் நுனியில் குமிழை வைக்கிறார்கள். குமிழ் உடைந்தால் உள்ளே இருக்கும் அடைப்பு விலகி நீர் வெளிப்படும். நான் கண்ட பால்கனியில் சுவரிலிருந்து எட்டிப் பார்த்தது இத்தகையதே.

தாழ்வார விலக்கைப் பற்றி எனக்கு ஓர் ஐயம் இன்னும் உண்டு. இரு கோடியிலும் படி இருந்தால், ஒரு பக்கம் தீயானால் மறுபக்கம் ஓடலாம். ஒரே படியாயின், எரியும் வீட்டு வாயிலைக் கடந்தே செல்ல நேரலாம். கட்டட விதிகள் இதனை எண்ணி, அத்தகைய இடத்தில் சுவருக்கும் கதவுக்கும் தீ தாங்கும் வலிமை கேட்கின்றன. ஆயினும் மரத் தாழ்வாரமும் ஒற்றைப் படியும் சேர்ந்த இடத்தில், விதி விலக்களித்தாலும் நான் நீர்த்தெளிப்பான் வைக்கவே சொல்வேன். தாழ்வாரம் வெறுமையாக இருக்கும் என்ற நம்பிக்கையின் மேலன்றோ அந்த விலக்கு நிற்கிறது! என் மகளின் எதிர் வீட்டார் தம் வாயிலருகே பழைய பஞ்சு மெத்தை நாற்காலி ஒன்றையும், அதன்மேல் செய்தித்தாள் கட்டுகளையும் வைத்திருந்தனர். கட்டட மேலாளரிடம் இரண்டு முறை சொன்னேன். நான் ஊர் திரும்பும் நாள்வரை அது அங்கேயே இருந்தது.