கல்குவாரித் தண்ணீரில் மீன் வளருமா?

"பழவேற்காடு ஏரியில் முன்புபோல இறாலும் மடவையும் கிடைப்பதில்லை. மாங்காடு பக்கம் சிக்கராயபுரம் கல்குவாரிகளில் தண்ணீர் நிறைந்து கிடக்கிறதே, அதுபோல ஒன்றைக் குத்தகைக்கு எடுத்து எங்கள் மகளிர் குழு மீன் வளர்க்கலாமா?" என்று மீனவக் குப்பத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

வளர்க்கலாம். ஆனால், ஏரியைப் பார்த்த கண்ணோடு குவாரியைப் பார்க்கக் கூடாது. பழவேற்காடு ஏரியின் சராசரி ஆழம் சுமார் ஒரு மீட்டர்தான். காற்றடித்தாலே தண்ணீர் அடிவரை கலக்கும். பாசி, புழு என்று தீனி தானே உண்டாகும். முகத்துவாரம் திறந்திருந்தால் கடல்நீரும் வந்து போகும். குவாரியோ செங்குத்தாக வெட்டிய பள்ளம். கரையோரச் சேறும் கோரையும் இல்லாததால் மீன்குஞ்சு ஒதுங்க இடமில்லை. தண்ணீர் தெளிந்து நீலமாகத் தெரிந்தால் மகிழ்ந்துவிடாதீர்கள். பெரும்பாலும் அதில் தீனி குறைவு என்றுதான் அர்த்தம்.

ஆபத்து அடியில் இருக்கிறது. வெயிலில் சூடான மேல்தண்ணீர் லேசானது; அடித்தண்ணீர் குளிர்ந்து கனத்தது. இரண்டும் எளிதில் கலக்காது. இலைதழையும் தீவன மிச்சமும் அடியில் அழுகி, அங்குள்ள ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். அழுகிய முட்டை நாற்றமடிக்கும் வாயுவும் சேரும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மேல்தண்ணீர் குளிர்ந்து கீழே இறங்க, அடித்தண்ணீர் மேலே வரும். ஒரே இரவில் மீன்கள் வாய் பிளந்து மிதக்கக்கூடும். எனவே, விற்பனை எடைக்கு வந்த மீனை அடைமழைக்கு முன்பே பிடித்துவிடுங்கள்.

கருங்கல் குவாரித் தண்ணீர் பெரும்பாலும் கெடுதல் இல்லாதது. 2017 வறட்சியில் சிக்கராயபுரம் குவாரித் தண்ணீரைப் பரிசோதித்து, சுத்திகரித்து, சென்னைக்கே குடிக்கக் கொடுத்தார்கள். கந்தகம் கலந்த தாதுப்பாறை என்றால் கதையே வேறு. அமெரிக்காவின் மொன்டானாவில் 1982இல் மூடிய பெர்க்லி செம்புச் சுரங்கம் அமில ஏரியாகிவிட்டது. 1995இல் அதில் இறங்கிய 342 பனி வாத்துகள் செத்தன.

ஆகவே, குஞ்சு வாங்கும் முன் தண்ணீரைச் சோதியுங்கள். மூடிய பாட்டிலில் கல்லைக் கட்டி, மூடிக்குத் தனிக் கயிறு போட்டு இறக்குங்கள். வேண்டிய ஆழத்தில் மூடியைச் சுண்டி இழுத்தால் அந்த ஆழத்துத் தண்ணீர் கிடைக்கும். ஆக்சிஜனை மட்டும் மீட்டரை இறக்கி அங்கேயே, விடியற்காலையில் பார்க்க வேண்டும். லிட்டருக்கு 5 மில்லிகிராம் இருந்தால் நல்லது. பொன்னேரி மீன்வளக் கல்லூரியில் ஆலோசனை கேளுங்கள்.

குஞ்சைச் சும்மா அவிழ்த்துவிட்டால் திரும்பப் பிடிக்க முடியாது; வலை பாறையில் மாட்டும். ஜார்க்கண்டில் ராம்கர் மாவட்டத்தில் கைவிட்ட நிலக்கரிச் சுரங்க நீரில் மிதவைக் கூண்டு கட்டித்தான் வளர்க்கிறார்கள். ஆக்சிஜன் உள்ள மேல்மட்டத்திலேயே கூண்டு நிற்பது இன்னொரு வசதி.

சிக்கராயபுரத்தை மட்டும் கேட்காதீர்கள். குடிநீருக்கு எடுத்த தண்ணீரில் தீவனம் கொட்டுவது சரியல்ல என்பது என் கருத்து. வேறு குவாரி என்றால் மாவட்ட ஆட்சியர், கனிமவளத் துறை அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். ஏரியில் இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து பழகிய பிள்ளைகளை அங்கே அழைத்துப் போகாதீர்கள். குவாரியில் முதல் அடியே ஆளை மூழ்கடிக்கும். கூண்டுக்குப் போகும் பெரியவர்களும் மிதவை அங்கி போட்டே போக வேண்டும்.