எழுதாமல் விட்ட ஒரு வரி

ஜாவாஸ்கிரிப்டில் எழுதிய பெரும்பாலான மென்பொருள்களைத் திறந்தால் பேக்கேஜ்.ஜேசன் என்றொரு சிறு கோப்பு கண்ணில் படும். அந்த மென்பொருள் இயங்க வேறு எந்தெந்தப் பேக்கேஜ்கள் தேவை, அவற்றில் எந்தப் பதிப்பு என்ற அறிவிப்பு அதில்தான் இருக்கிறது. என்பிஎம் என்ற கருவி அதைப் படித்து, கேட்டதையெல்லாம் இறக்கி, நோட்_மாட்யூல்ஸ் கோப்புறையில் வைத்துவிடும்.

இந்த அறிவிப்பில் நேரும் பிழைகளில் கண்ணுக்குத் தப்புவது, அறிவிக்காத ஒன்றைப் பயன்படுத்துவது. எக்ஸ்பிரஸ் என்ற பேக்கேஜை நிறுவினால் அதற்கு வேண்டிய டீபக் என்ற பேக்கேஜும் கூடவே வந்து இறங்கும். 2015இல் வந்த என்பிஎம் 3 முதல் இப்படித் தொற்றி வருபவையும் பெரும்பாலும் மேல் அடுக்கிலேயே வைக்கப்படுகின்றன. அதனால் அறிவிப்பில் ஒரு வரிகூட இல்லாமலே நம் நிரல் டீபக்கை அழைக்கும், அதுவும் கிடைத்துவிடும். நாளை எக்ஸ்பிரஸ் அதைக் கைவிட்டால், நாம் ஓர் எழுத்தும் மாற்றாத நிரல் நின்றுபோகும். நேரடியாக அழைக்கும் ஒவ்வொன்றையும் நம் கோப்பிலேயே எழுதுவதுதான் இதற்குத் தீர்வு. எது யாரால் வந்தது என்று அறிய 'என்பிஎம் எக்ஸ்பிளெய்ன்' கட்டளை உதவும். பிஎன்பிஎம் என்ற மாற்றுக் கருவியோ, இயல்பான அமைப்பில், அறிவிக்காத பேக்கேஜை நம் நிரலின் கண்ணில் படும்படி வைப்பதில்லை. அந்தக் கண்டிப்பு நல்லது.

பதிப்பு எண்ணிலும் கவனம் வேண்டும். ^1.4.0 என்றால் 1.4.0 முதல் 2.0.0க்கு முன்வரை எதுவும் சரி, ~1.4.0 என்றால் 1.5.0க்கு முன்னரே நிற்கும். ஆனால் ^0.4.0 என்பது 0.5.0ஐத் தொடாது, பலர் தடுமாறும் இடம் இது. 1.6இல் வந்த வசதியைப் பயன்படுத்திவிட்டு ^1.4.0 என்றே விட்டுவைத்தால், புதிதாக நிறுவுபவருக்கு ஒன்றும் தெரியாது. ஏற்கெனவே 1.4இல் பூட்டி வைத்திருப்பவருக்குத்தான் உடையும்.

எந்தப் பட்டியலில் எழுதுகிறோம் என்பதும் முக்கியம். இயங்கும்போது வேண்டியதை, உருவாக்கும்போது மட்டும் தேவைப்படுபவற்றுக்கான டெவ்டிபென்டன்சீஸ் பட்டியலில் போட்டால், அந்தப் பட்டியலை விட்டுவிட்டு நிறுவும் சர்வரில் 'மாட்யூல் கிடைக்கவில்லை' என்று நிற்கும். ரியாக்டுக்கான நூலகம் எழுதுவோர் ரியாக்டை, பயன்படுத்துபவரின் மென்பொருளே தர வேண்டியவற்றுக்கான பியர்டிபென்டன்சீஸில் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு ரியாக்ட் பிரதிகள் இறங்கி, ஹூக்குகள் எனப்படும் ரியாக்ட் செயற்கூறுகள் பிழை காட்டக்கூடும். அந்தப் பட்டியலில் பதிப்பு முரண்பாடு எழும்போது நிறுவும் கட்டளையில் 'ஃபோர்ஸ்' போட்டு வாயடைப்பது பழுதை அப்படியே விட்டுவைப்பதாகும்.

வெளியிடும் முன் உங்கள் பேக்கேஜை ஒரு வெற்றுக் கோப்புறையில் நிறுவி, ஒருமுறை இயக்கிப் பாருங்கள்.